துறந்த மைந்தரும் தொடர்ந்து வந்த அன்னையும்

துறவு என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் காஷாயமும் கமண்டலமும் கண்முன் தோன்றுவது உலக வழக்கு. வீடு வாசலை வெறுத்துக் காட்டுக்கு ஓடுவதே துறவு என்று கருதுவாரும் உளர். திருவண்ணாமலையில் அரை நூற்றாண்டுக்கு மேல் வீற்றிருந்த பகவான் ஸ்ரீ ரமண மகரிஷிகள் காஷாயம் தரித்ததில்லை. எந்த மடத்திலும் தீக்ஷை பெற்றதில்லை. மனைவி மக்களை விட்டு வந்துவிடலாமா என்று தம்மைக் கேட்ட இல்லறத்தாரை, வீட்டுக்கே திரும்பிச் செல்லுமாறு சொல்லி அனுப்புவது அவர் வழக்கமாக இருந்தது. அவர் கண்ட துறவின் இலக்கணத்தை அறிய விரும்புவோர் நூல்களைப் புரட்டு முன்னர், பெற்ற தாயிடத்து அவர் நடந்துகொண்ட முறையைச் சிந்தித்தல் நலம். பந்தங்கள் எல்லாவற்றிலும் வலியது தாய்ப் பாசமன்றோ?

பாண்டி நாட்டிலே பாடல் பெற்ற தலமாகிய திருச்சுழியில், 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், ஆருத்ரா தரிசன விழாவின்போது நள்ளிரவு கடந்த வேளையில் அவர் அவதரித்தார். தந்தையார் சுந்தரமையர் அவ்வூரில் வக்கீல் தொழில் நடத்தியவர். தாயார் அழகம்மாள். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். மூத்தவர் நாகசுவாமி, இளையவர் நாகசுந்தரம், அலமேலு என்று ஒரு தங்கையும் உண்டு. வீட்டு வாயிலில் வந்து நின்ற துறவி ஒருவருக்கு முன்னோர் அன்னம் இட மறுத்ததால், தலைமுறைக்கு ஒருவர் துறவு பூண நேரும் என்றொரு சாபம் அக்குடும்பத்தில் வழங்கி வந்தது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கோ துறவின் அடையாளம் ஒன்றும் இல்லை. பந்தாட்டத்திலும் மல்யுத்தத்திலும் ஆர்வம், படிப்பில் அசட்டை, அடித்து எழுப்பினாலும் கலையாத உறக்கம்.

1892ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரையில் சிற்றப்பா சுப்பையர் இல்லத்துக்குச் சென்றனர். அழகம்மாள் சிறு குழந்தைகளுடன் மானாமதுரையில் மற்றொரு மைத்துனராகிய நெல்லையப்பையர் ஆதரவில் இருந்தார். மகன் வீட்டை விட்டுப் போன நாளில் தாய் அருகில் இல்லை.

1896ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மதுரை வீட்டு மாடியில் தனியே இருந்த வேங்கடராமனை மரண பயம் திடீரெனப் பற்றியது. உடம்பில் நோய் ஒன்றும் இல்லை. வைத்தியரையோ வீட்டாரையோ அவர் அழைக்கவில்லை. மரணம் வருமாயின் மாய்வது எது என்று பார்த்துவிடத் துணிந்து, பிணம்போல் கைகால்களை நீட்டி விறைக்கச் செய்து, மூச்சை அடக்கிப் படுத்தார். உடல் சவமாகிச் சுடுகாடு சென்று சாம்பலான பின்னும் அதனைக் கண்டுகொண்டிருக்கும் தன்னுணர்வு சாகவில்லை என்பது அவருக்கு அநுபவமாயிற்று. அன்று நீங்கிய அச்சம் பிறகு திரும்பவே இல்லை. அதன்பின் விளையாட்டும் தோழரும் சுவையான உணவும் தாமே நழுவின. அவற்றை விடவேண்டும் என்று அவர் நோன்பு நோற்றதாகத் தெரியவில்லை. மாலைதோறும் மீனாட்சி சந்நிதியில் நின்று கண்ணீர் பெருக்குவது ஒன்றே வேலையாயிற்று.

ஆறு வாரங்கள் கழிந்தன. ஆகஸ்டு 29ஆம் நாள், ஆங்கில இலக்கணப் பாடத்தைச் சரியாகப் படியாத குற்றத்துக்காக அதனை மும்முறை எழுத வேண்டியிருந்தது. இரண்டு முறை எழுதியதும் மனம் ஒப்பவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். இப்படி யோகி போல் இருப்பவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்று தமையனார் இடித்துரைத்தார். கோபத்தில் பிறந்த சொல்லேயாயினும் அதில் உள்ள நியாயம் தம்பிக்குத் தைத்தது. பள்ளியில் தனி வகுப்பு இருப்பதாகச் சொல்லி எழுந்தார். அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துச் சென்று தம் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடுமாறு தமையனார் கூறினார்.

அந்த ஐந்து ரூபாய்க் கணக்கு நினைக்கத் தக்கது. வேங்கடராமன் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு இரண்டு ரூபாயை ஒரு கடிதத்துடன் வைத்துவிட்டுப் புறப்பட்டார். தந்தையைத் தேடி அவர் ஆணைப்படி செல்வதாகவும், இதற்காக எவரும் வருந்த வேண்டா என்றும், தேடுவதற்குப் பணம் செலவிட வேண்டா என்றும், கல்லூரிச் சம்பளம் கட்டப்படவில்லை என்றும் அதில் எழுதியிருந்தார். நான் என்று தொடங்கிய கடிதம், அடுத்த வாக்கியத்திலேயே இது என்று மாறிற்று. கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறுங் கோடு. எடுத்தது எவ்வளவு, விட்டது எவ்வளவு என்பதில் அணுவளவும் மறைவில்லை. அன்னையைப்பற்றி ஒரு சொல்லும் அக்கடிதத்தில் இல்லை.

பழைய பூகோளப் படத்தைப் பார்த்துத் திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்கினார். இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா கொடுத்தது போகக் கையில் மூன்றணா. விழுப்புரத்திலிருந்தே திருவண்ணாமலைக்கு ரயில் உண்டு என்பது வண்டியில் உடன் வந்த மௌல்வி ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. மாம்பழப்பட்டு வரை ரயிலில் சென்று, பின் காசின்றிக் காலால் நடந்து, அறையணிநல்லூரிலும் கீழூரிலும் ஆலயங்களில் தங்கி, கோகுலாஷ்டமியன்று முத்துகிருஷ்ண பாகவதர் இல்லத்தில் உணவு பெற்றார். அங்கே காதிலிருந்த கடுக்கன்களை அடகு வைத்து நான்கு ரூபாய் வாங்கினார். மீட்டுக்கொள்வதற்காகப் பாகவதர் எழுதித் தந்த விலாசச் சீட்டை, தெருவுக்கு வந்ததும் கிழித்தெறிந்தார். செப்டம்பர் முதல் நாள் காலையில் திருவண்ணாமலை அடைந்து, நேரே அருணாசலேசுவரர் கருவறைக்குச் சென்று தம் வருகையை விண்ணப்பித்தார். வெளியே வந்தபின் தலை மழிக்கப்பட்டது. எஞ்சிய பணமும், பாகவதர் வீட்டார் அளித்த பலகாரப் பொட்டலமும் அய்யன்குளத்தில் விழுந்தன. வேட்டியைக் கிழித்து ஒரு கோவணம் மட்டும் கொண்டார்; பூணூலும் போயிற்று. அதன்பின் அவர் பணத்தைக் கையால் தொட்டதில்லை. அம்மலையைச் சார்ந்த இடத்தை விட்டு வேறெங்கும் சென்றதுமில்லை. அப்போது வயது 16.

ஆயிரக்கால் மண்டபத்திலும், பாதாள லிங்கக் குகையிலும், குருமூர்த்தத்திலும் அவர் உடல் நினைவின்றி இருந்த நாட்கள் பலரும் அறிந்தவை. பூச்சிகள் அரித்த தொடைகளுடன் அமர்ந்திருந்தவரைப் பிறர் தூக்கி வெளியே கொணரும்படி ஆயிற்று. மூச்சு விடாமல் பேசும் உலகம் அவரை மௌன சுவாமி, பிராமண சுவாமி என்றெல்லாம் அழைத்தது. ஊர் பெயரை அறியவேண்டும் என்று ஓர் அன்பர் விடாது வேண்ட, அவர் எழுதிக் காட்டிய இரண்டே சொற்கள் மானாமதுரைக்கு எட்டின. நெல்லையப்பையர் வந்து அழைத்துப் பார்த்துத் தோற்றுத் திரும்பினார்.

1898ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அன்னையே நேரில் வந்தார். அப்போது மகன் பவழக்குன்றில் ஒரு பாறைமீது கிடந்தார். சடைபட்ட முடியும், அழுக்கேறிய மேனியும், வளைந்து நீண்ட நகங்களுமாய் இருந்தபோதிலும், பெற்றவள் கண்ணுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நாள்தோறும் பட்சணங்களைச் சுமந்துகொண்டு மலையேறினார்; வீட்டுக்கு வா என்று மன்றாடினார்; ஏசினார்; அழுதார். மகன் அசையவில்லை. ஒரு நாள் அழுகை மிகவே, அவர் எழுந்து அப்பால் போய்விட்டார். கூடியிருந்தவர்களின் நெஞ்சமும் உருகிற்று. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு பதிலாவது எழுதித் தரலாகாதா என்று ஓர் அன்பர் காகிதமும் பென்சிலும் நீட்டினார். அப்பொழுது எழுதிய விடை, அவரவர் பிராரப்தப்படி இறைவன் ஆட்டுவிக்கிறான், நடவாதது முயன்றாலும் நடவாது, நடப்பது தடுத்தாலும் நில்லாது, ஆதலின் சும்மா இருத்தலே நன்று என்னும் கருத்துடையது. அதிலும் தாய் என்ற விளி இல்லை. மகன் என்ற கையொப்பம் இல்லை. அழகம்மாள் திரும்பிச் சென்றார்.

இந்த இடத்திலேயே கதையை நிறுத்திவிட்டு, ஞானியின் நெஞ்சம் கல் என்று முடிவு கட்டியவர்கள் அக்காலத்தில் இருந்திருக்கக்கூடும். தாயின் கண்ணீரைக் கண்டு இரங்காத வைராக்கியம் எவருக்கு வேண்டும் என்று கேட்பதும் இயல்பே. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தவற்றைக் கண்டவர்களுக்கு அந்த ஐயம் இருந்திராது.

அந்த இடைக்காலத்தில் அழகம்மாள் இழந்தவை பல. மூத்த மகன் நாகசுவாமி இறந்தார். திருச்சுழி வீடு கடனுக்காகக் கைமாறிற்று. ஆதரித்த மைத்துனரும் மறைந்தார். 1915ஆம் ஆண்டில், கைக்குழந்தையை விட்டுவிட்டு இளைய மருமகள் உயிர் நீத்தாள். மகன் விரும்பி விட்டவற்றை, தாயிடமிருந்து காலம் ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டது என்று சொல்லலாம். அதற்கு முன்னரே, 1914ஆம் ஆண்டில் அவர் மகனைக் காண வந்திருந்தபோது கடுஞ் சுரத்தில் வீழ்ந்தார். அவ்வமயம் பவழக்குன்றில் ஒரு சொல்லும் பேசாத மகனே அல்லும் பகலும் அருகிருந்து பணிவிடை செய்தார். தாயின் பிணி தீர அருணாசலேசுவரரை வேண்டி நான்கு பாடல்களும் பாடினார். பிறர் வேண்டாமலே தாமாக ஒரு நிகழ்ச்சியை மாற்றும்படி அவர் இறைவனிடம் விண்ணப்பித்தது அரிதினும் அரிது.

1916ஆம் ஆண்டில் அழகம்மாள் நிலையாகத் தங்கும் எண்ணத்துடன் வந்து சேர்ந்தார். மகன் அப்போது விரூபாக்ஷி குகையில் இருந்தார். துறவிகள் வாழும் இடத்தில் ஒரு பெண்மணி தங்குவது முறையன்று என்று உடனிருந்தோர் சிலர் தடை சொன்னார்கள். தாயை இருத்தினால் பகவான் முன்னொரு நாள் வீட்டை விட்டதுபோல் இவ்விடத்தையும் விட்டுப் போய்விடுவாரோ என்ற அச்சமும் அவர்களுக்கு உண்டு. தள்ளாத வயதில் அன்னை எழுந்து புறப்பட, பகவானும் எழுந்து, அவர் கையைப் பற்றிக்கொண்டு, இங்கே இடமில்லையாயின் வேறிடம் போவோம் என்று உடன் நடக்கத் தொடங்கினார் என்பது அடியார் வழி வந்த செய்தி. தடை சொன்னவர்கள் பதறி இருவர் காலிலும் விழுந்தார்கள். தாயை விட்டு வந்தவர், தாய்க்காகக் குகையையும் விடச் சித்தமாக இருந்தார்.

விரைவில் இடம் போதாமையால் சற்று மேலே கந்தாசிரமத்துக்கு எல்லோரும் சென்றனர். அன்னை அங்கே அடுப்பு மூட்டினார். அதுவரை பிக்ஷை அன்னத்தால் காலம் கழித்த கூட்டத்துக்கு அன்றுதான் சமையல் என்று ஒன்று ஏற்பட்டது. இளையவர் நாகசுந்தரமும் வந்து துறவு பூண்டு நிரஞ்ஜனானந்த சுவாமி ஆனார். வீட்டைத் துறந்து மலையேறியவரைத் தேடி வீடே மலையேறி வந்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றும்.

ஆனால் அது பழைய வீடாக நீடிக்க அவர் இடங்கொடுக்கவில்லை. மகனுக்கென்று தனியாக ஒரு கறி செய்து இலையில் பரிமாற அன்னை முனைந்தால் அது செல்லாது; எல்லோருக்கும் இட்டதே தமக்கும். அன்னை பேசும்போது சில வேளைகளில் பகவான் கேளாதவர்போல் இருந்து, வேறு பெண்கள் பேசினால் விடை கூறுவார். என் பிள்ளை எனக்கு மட்டும் வாய் திறப்பதில்லையே என்று அழகம்மாள் மனம் புழுங்குவார். எல்லாப் பெண்டிரும் தமக்கு அன்னையரே, அவர் ஒருவர் மட்டும் அல்லர் என்பதே அதற்குக் கிடைத்த சமாதானம். மடி, ஆசாரம் ஆகியவற்றில் அவருக்கிருந்த பிடிவாதத்தையும் மகன் விடவில்லை. மடிக்கு ஆகாதவர் மேலே பட்டுவிட்டார் என்றும், வெங்காயம் சமையலறைக்குள் வந்துவிட்டது என்றும் சொல்லிச் சொல்லி நகைப்பார். ஒரு நாள் அப்பளம் இட ஒரு கை உதவவேண்டும் என்று அன்னை அழைத்தபோது, பகவான் எழுந்து வராமல் ஒரு பாட்டைப் பாடிக் கொடுத்தார். உளுந்து, பிரண்டைச் சாறு, மிளகு, சீரகம் எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு வேதாந்தப் பொருளைக் குறிக்கும். அப்பளம் இட்டபடியே அத்வைதம் கற்ற மூதாட்டி அவர் ஒருவராகவே இருக்கலாம்! விளையாட்டுப்போல் தோன்றும் இவற்றால், எட்டுக் குழந்தைகளுக்கு நிகராக ஒருவரிடமே வைத்திருந்த பிடிப்பு சிறிது சிறிதாகத் தளர்ந்தது. 1898இல் மகனை அழைத்துப் போக வந்தவர், இப்போது வேறெங்கும் போகும் விருப்பமற்றவரானார்.

1922ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள். நோயால் பல நாள் தளர்ந்திருந்த அன்னைக்கு அன்று முடிவு நெருங்கியது. காலையில் பகவான் அருகே சென்று அமர்ந்து, வலக்கையை அவர் மார்பின்மீதும் இடக்கையைத் தலையின்மீதும் வைத்தார். சுற்றிலும் வேத பாராயணமும் ராம நாம ஜபமும் நடந்தன. இதற்கு முன்னர் நெடுங்காலம் தமக்குத் தொண்டு செய்த பழனிசுவாமியின் அந்திம வேளையிலும் பகவான் இவ்வாறே கைவைத்திருந்தார். எல்லாம் அடங்கிற்று என்று கையை எடுத்தவுடன் பழனிசுவாமியின் கண்கள் திறந்துகொண்டன. உயிர் அவ்வழியே நீங்கியது. அந்த அநுபவத்தை நினைந்து, இம்முறை உயிர் ஒடுங்கிய பின்னும் சிறிது நேரம் கையை எடுக்கவில்லை. இரவு எட்டு மணி அளவில் முடிந்தது. ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம், அன்னையின் நெஞ்சில் எழுந்த பல பிறவி வாசனைகள் ஒவ்வொன்றாய் எழுந்து ஓய்ந்தன என்று பின்னர் விளக்கினார். பிறகு மலர்ந்த முகத்துடன் எழுந்து, தீட்டு ஒன்றும் இல்லை, உண்ணலாம் என்று கூறி அன்பர்களோடு அமர்ந்து உணவு கொண்டார். அவ்விரவு முழுவதும் திருவாசகம் ஓதப்பெற்றது. கண்ணீர் விட்டவர் உண்டெனின் அவர் மைந்தர் அல்லர்.

திருமேனியை என் செய்வது என்ற வினா எழுந்தது. பெண்ணாய்ப் பிறந்தார்க்கும் ஞானமும் முக்தியும் ஒக்கும், ஞானம் எய்திய பெண்ணின் உடலையும் தகனம் செய்தல் ஆகாது என்று 1917ஆம் ஆண்டிலேயே காவ்யகண்ட கணபதி முனிவரிடம் பகவான் தெளிவாக்கியிருந்தார். ஸ்ரீ ரமண கீதையில் அது காணப்படும். ஆகவே மறுநாள் விடியற்காலையில் மலையின் தென்புறத்து அடிவாரத்தில், பாலி தீர்த்தத்தின் அருகே சமாதி அமைத்து, மேலே லிங்கம் ஸ்தாபித்தனர். மாத்ருபூதேசுவரர் என்பது அம்மூர்த்தியின் திருநாமம். பகவான் கந்தாசிரமத்திலிருந்து நாள்தோறும் இறங்கி வந்து தரிசித்துச் செல்வார். அவ்வாண்டு டிசம்பரில் ஒரு நாள் வந்தவர் மேலே திரும்பவில்லை. ஓலைக் கொட்டகை ஒன்றைச் சூழ்ந்து ரமணாசிரமம் வளர்ந்தது.

அதன் பின் வந்த 28 ஆண்டுகளில் உலகம் முழுவதும் அவர் சந்நிதிக்கு வந்தது. 1924ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் இரவில் கள்வர்களும் வந்தனர். பகவான் தொடையில் அடிபட்டார். திருப்பி அடிக்க எழுந்த அன்பர்களைத் தடுத்தார். 1936இல் ஆசிரமத்தைப்பற்றிய ஒரு வழக்கில் அவரிடம் வாக்குமூலம் பெற வந்தவர்களிடம், நால்வகை ஆசிரமங்களையும் கடந்த நிலையே தமது நிலை என்று விடையளித்தார். புகழும் பொருளும் பெருகிய அக்காலத்திலும் விடியுமுன் எழுந்து காய்கறி நறுக்கினார். பிறர் எறிந்த கடிதங்களில் வெற்றிடத்தைக் கத்தரித்துச் சேர்த்து ஏடு தைத்தார். துண்டு கிழிந்தால் அதிலிருந்தே நூல் உருவித் தைத்துக்கொண்டார். குளத்திலே பணத்தை வீசியவர் ஒரு துண்டுக் காகிதத்தை வீசமாட்டார்.

அன்னையின் சமாதிமேல் கருங்கல் ஆலயம் எழுப்பும் பணி 1939ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் தொடங்கியது. அது பகவான் திருவண்ணாமலை வந்து சேர்ந்த நாளின் நிறைவு நாளும் ஆகும். வைத்தியநாத ஸ்தபதியார் பொறுப்பேற்றார். எல்லாம் பொய் என்று உபதேசிக்கும் இடத்தில் இத்தனை பெருஞ் செலவில் கோயில் எதற்கு என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. பகவான் கட்டச் சொல்லவும் இல்லை. வேண்டா என்று தடுக்கவும் இல்லை. கல் வேலை நடக்கும் இடத்துக்குத் தாமே சென்று உளிகளின் ஓசையிடையே நின்று பார்த்துவருவார். பத்தாண்டுகள் ஆயின.

1949ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் மகா கும்பாபிஷேகம் நிறைவேறியது. அதற்கு முன்னாளிரவு பகவான் கருவறைக்கு எழுந்தருளி, அங்கே ஸ்தாபிக்கவிருந்த ஸ்ரீசக்ர மேருவின்மீது இரு கைகளையும் வைத்து அருளினார். தாயின் நெஞ்சில் வைத்த அதே கைகள். அவற்றுள் இடக்கையின் முழங்கையருகே தோன்றிய சிறு கட்டியை மருத்துவர்கள் பிப்ரவரியிலேயே ஒருமுறை அறுத்து நீக்கியிருந்தனர். அது மீண்டும் தலைகாட்டியது. விழா முடிந்த பத்தாம் நாள் இரண்டாவது அறுவை. ஆண்டு முடியுமுன் நான்கு முறை ஆயிற்று. கையையே எடுத்துவிடலாம் என்று கூறப்பட்டபோது, உடம்பே ஒரு நோய், அது இயல்பாக முடியட்டும் என்ற கருத்துப்பட மறுத்தார். அழுத அடியார்களை அவர்தாம் தேற்றவேண்டியிருந்தது. முன்னர் பவழக்குன்றில் அழுதவரைத் தேற்றாதிருந்த வாய், இப்போது வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஆறுதல் கூறிற்று. தரிசனத்தை நிறுத்தலாகாது என்று கடைசி நாள் வரையில் வற்புறுத்தினார்.

1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 8 மணி 47 நிமிடத்துக்கு, வெளியே அன்பர்கள் அவரியற்றிய அக்ஷரமணமாலையைப் பாடிக்கொண்டிருக்க, கண்களின் ஓரத்தில் நீர் கசிய, மூச்சு அமைதியாய் அடங்கியது. திருமேனிக்கு இடம் தேடி வெகுதூரம் செல்லவில்லை. அன்னையின் ஆலயத்தை ஒட்டி, அவர் பல்லாண்டு அமர்ந்திருந்த பழைய கூடத்துக்கும் அதற்கும் இடையே சமாதி அமைத்தார்கள்.